முன் பஸ், பின் பஸ்

போர்க்காலத்தில் கொழும்பில் பஸ்ஸுக்குள்ளும் குண்டு வெடிக்கும். அதனால் நானும் கணவரும் வெள்ளவத்தையிலிருந்து ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போவதில்லை. ஒருவருக்கு ஏதும் நடந்தாலும் மகளுக்கு மற்றவராவது மிஞ்ச வேண்டும் என்று அந்தச் சட்டத்தைப் போட்டது நான்தான். நான் முதல் பஸ்ஸில், அவர் அடுத்ததில். வேலை செய்யும் கந்தோரில் இருந்து போன் எடுத்து அவருடைய குரலைக் கேட்கும்வரை எனக்குப் பேனா பிடிக்கக் கை வராது. இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஊரே பயந்துகொண்டிருக்கும்போது என்னுடையதை மட்டும் என்ன பெரிதாகச் சொல்வது?

ஒருநாள் கொள்ளுப்பிட்டி தாண்டும்போது மூச்சு அடைத்துவிட்டது. பாதி வழியில் இறங்கி நின்றுவிட்டேன். அடுத்த பஸ்ஸில் வந்த கணவர் என்னைக் கண்டு பதறிக் குதித்தார்.

“என்னப்பா, என்ன நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. ஒவ்வொரு நாளும் பயமாக் கிடக்கு.”

“எனக்கும்தான். உம்மட பஸ் முழுசாப் போகுதோ எண்டு பாத்துக்கொண்டுதானே நான் பின்னால வாறன்.”

ஒரே பயத்தை இவ்வளவு காலமும் இரண்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம். வாய்விட்டுச் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த பஸ்ஸில் ஒன்றாக ஏறினோம். அவர் தோளில் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டேன். கடைசித் தரிப்பான கோட்டையில் கொண்டக்டர் தட்டி எழுப்பியபோது பார்த்தால், என் கணவரும் நல்ல நித்திரை.