மாப்பிள்ளை ஊரில் கிடைக்காத நிக்காஹ் புத்தகம்

அம்மா பிறந்த மூன்றாம் நாள் அவரைப் பெற்ற தாய் இறந்துபோனார். ஜெய்னம்பு என்ற பெயரைத் தவிர எங்களுக்கு எதுவும் தெரியாது. அம்மாவின் அத்தா, அதாவது நான் நன்னா என்று கூப்பிடும் தாத்தா, மறுமணம் செய்துகொண்டு பட்டுக்கோட்டைக்கு வந்துவிட்டார். பழைய பேச்சை எடுக்கவிடமாட்டார். அவர் மவுத்தாகி அடக்கமான பிறகு, போன தை மாதம், ஜெய்னம்புவின் ஆட்களைத் தேடிக் கிளம்பினேன்.

அம்மாவைக் கூப்பிட்டதற்கு, "போயி, யாருமில்லைன்னு கேட்டுட்டு வர எனக்குத் தெம்பு இல்ல. நீ போயிட்டு வா" என்றார். பத்தாவதோடு நின்று தையல் கடைக்குப் போகிறவள் நான். புது ஆட்களிடம் பேச்சே வராது. நன்னாவின் முதல் கல்யாணம் பதிவான நிக்காஹ் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன்.

காலை 6.40க்கு பஸ். மன்னார்குடிக்கு சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். நன்னாவின் சொந்த ஊர் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் தாளை நீட்டினேன்.

"என்ன தங்கச்சி, பரீட்சை பேப்பர் மாதிரி குடுக்குற!" என்று சிரித்தபடி படித்தார். "நிக்காஹ் புத்தகமா? மாப்பிள்ளை ஊர்ல வந்து தேடினா எப்படிம்மா? பொண்ணு ஊர் பள்ளிவாசல்லதானே எழுதுவாங்க."

பெண் ஊர் எது என்றுதானே தெரியவில்லை! தாளின் ஓரத்தில் அதையும் எழுதிக் காட்டும்போதே கண்ணீர் வந்துவிட்டது.

அவர் பதறிவிட்டார். "அழாத, அழாத. வெளியூர்ல பொண்ணு எடுத்தா நம்ம பள்ளிவாசல் ஜமாஅத்துலேர்ந்து பொண்ணு ஊருக்குக் கடிதம் குடுப்போம். அதோட நகல் இருக்கும்." பீரோவைக் குடைந்து அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார். கீழ்வேளூர் பக்கத்தில் ஒரு கிராமம்.

திருவாரூரில் மாறி கீழ்வேளூர். பிறகு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ரோட்டில் பாதிக்கு நெல் காய்ந்ததால் ஊர்ந்துதான் போனது. மதியத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் செயலாளர் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ஜெய்னம்பு. தகப்பனார் பெயர். சாட்சி: பெண்ணின் அண்ணன், கையெழுத்தோடு.

"இவங்களா? இப்பதானே தொழுதுட்டுப் போனாங்க!" என்று செயலாளர் வாசலுக்கு ஓடினார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்த அந்த அண்ணன், நான் யாரென்று செயலாளர் சொன்னதும் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் புள்ள... நல்லா இருக்காளா?" அந்தப் புள்ளைக்கு நாற்பத்து மூன்று வயது.

போன் போட்டுக் கொடுத்தேன். நாள் முழுக்கப் பேசுகிற அம்மாவிடமிருந்து சத்தமே இல்லை. நான்தான் வாங்கிப் பேச வேண்டியிருந்தது. "அம்மா, உன் மாமா நிக்கிறாங்க. மாமான்னு கூப்பிடும்மா."

தேடப் போகிறவர்களுக்கு: பெண் ஊர் தெரியாவிட்டால் மாப்பிள்ளை ஊரில் கடித நகலைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், யாருக்கும் நேரம் இருக்காது. பேச வராவிட்டால் எழுதிக்கொண்டு போங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மாமாவைப் பார்க்கப் போகிறார். பஸ் நேரமெல்லாம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினார். "போனதும் என்ன பேசணும்னு அதையும் எழுதிக் குடுடீ."