வேலியோரம் நடந்த ஃபாதர்

முட்டிவலிக்குப் பாலிகிளினிக்கில் ஒரு தைலம் கொடுத்தார்கள். என் முட்டி சாதாரண முட்டி இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இந்த முட்டிகளை நம்பித்தான் கிராஞ்சியில், பந்தயக் குதிரை லாயங்களுக்குப் பின்னால் சாமான் அறையாகக் கிடந்த இடத்தைக் கெஞ்சி வாங்கி ஒரு கேண்டீனாக்கினேன். அந்தப் பக்கம் பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. தொழிலாளிகளை ஏற்றிப்போகும் லாரியில் மாவு டின்னைக் கட்டிப் பிடித்தபடி போவேன். அதிலிருந்து லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை, உட்லண்ட்ஸில் கல்யாண ஆர்டர் எடுக்கும் சமையற்கூடம், தோ பாயோவில் ஐந்தறை வீடு. மூத்தவள் பல் டாக்டர், சின்னவன் விமான எஞ்சின் பார்க்கிறான். 'இவன் என்ன கிழிக்கப்போகிறான்' என்று சொன்ன உறவுக்காரர்கள் அத்தனை பேரும் என் கடையில் மட்டன் பிரியாணிக்கு வரிசையில் நின்றிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவை இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது. இந்த வாரம் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

தைலத்துக்கு வருகிறேன். மூடியைத் திறந்ததும் கற்பூரத்தைப் பச்சிலையோடு இடித்தாற்போல ஒரு நெடி. என் மனைவி ஜன்னலைத் திறக்க ஓடினாள். வேண்டாம் என்றேன். குதிரைக் காலுக்குத் தேய்க்கிற தைலம் அச்சு அசலாக இப்படித்தான் வாசம் அடிக்கும். தேய்த்த மிச்சத்தை, பந்தயத்தில் குதிரை ஓட்டும் ஜாக்கிகள் தங்கள் தோளில் பூசிக்கொண்டு அப்படியே என் கேண்டீனுக்கு வருவார்கள். சாம்பார் வாசனையும் குதிரை வாசனையும் அந்தத் தைலமும் சேர்ந்தால்தான் எனக்கு அப்போதெல்லாம் விடிந்தது என்று அர்த்தம்.

சாப்பாட்டுக் கடைக்காரனுக்கு ஜாக்கியைப் போல மோசமான வாடிக்கைக்காரன் உலகத்தில் கிடையாது. ஆள் எடை கூடினால் குதிரை கிடைக்காது. பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்க ஓடுவார்கள். தண்ணீர்கூட அளந்துதான் குடிப்பார்கள். ஆட்டுக்கால் சூப் கொதிக்கும்போது இரண்டு மூன்று பேர் வந்து நிற்பார்கள். "அண்ணே, மூடிய மட்டும் தொறங்க லா." திறப்பேன். ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வாசனையை விற்கத் தெரிந்திருந்தால் நான் இன்னும் பெரிய ஆளாகியிருப்பேன். எனக்குச் சோறு போட்டவர்கள் குதிரைகளைக் குளிப்பாட்டிப் பராமரிக்கும் ஆட்கள்தான்.

ஃபாதர் மரியநாதன் அந்த ஜாக்கிகளுக்காக வந்தவர். விளையாட்டுக்காரர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவருடைய சபையில் அவரை நியமித்திருந்தார்கள். புட்பால் ஆடுகிறவர்கள், ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்கள் என்று ஊரெல்லாம் சுற்றுவார். வியாழன் காலை எங்கள் முறை. ஆள் நூறு கிலோவுக்குக் குறையமாட்டார். ஐம்பது கிலோ மனிதர்களுக்கு நடுவே வெள்ளை அங்கியோடு அவர் நடந்து வருவது, கோழிக்குஞ்சுகளுக்கு நடுவே கோயில் யானை வந்தாற்போல இருக்கும். குதிரை என்றால் அவருக்குப் பயம் வேறு. ஒரு குதிரை தும்மினால் இவர் நான்கடி தள்ளி நிற்பார்.

"ஃபாதர், உங்களத் தூக்கணும்னா ரெண்டு குதிரை வேணும்" என்பார்கள்.

"நம்ம சாமியே கழுதையிலதாம்ப்பா வந்தாரு. எனக்கு எதுக்குக் குதிரை" என்பார்.

ஜாக்கிகள் இருக்கும்வரை சீனி இல்லாத கறுப்புக் கோப்பி மட்டும் குடிப்பார். அவர்கள் போனதும் அடுப்படிக்குப் பின்னால் வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஆறு தோசை தின்பார். "பசியா இருக்கவன் முன்னால சாப்பிட்டா பாவம் அண்ணே. பின்னால சாப்பிட்டா அது வெறும் பசி." அவர்களுடைய தவக்காலம் வந்தபோது, கத்தோலிக்க ஜாக்கிகள் யாரும் உபவாசம் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். "வருஷம் முழுக்க நீங்க அதத்தான செய்றீங்க? இந்த நாப்பது நாள் ஒருத்தன ஒருத்தன் திட்டாம இருங்க, போதும்." அதைவிட உபவாசமே சுலபம் என்று பையன்கள் முணுமுணுத்தார்கள்.

ஒருநாள் கேட்டேன், குதிரையும் தெரியாது, பந்தயமும் தெரியாது, இங்கே உங்களுக்கு என்ன வேலை என்று. நான் அப்படித்தான், மனதில் பட்டதைக் கேட்டுவிடுவேன். "ஜெயிச்சா எல்லாரும் வருவாங்க அண்ணே. கீழ விழுந்தா ஒருத்தன் வரணும்ல" என்றார்.

பாவமன்னிப்புக் கேட்பதற்கு அங்கே கூண்டு எதுவும் கிடையாது. குதிரைகள் பயிற்சி முடிந்து உள்ளே போனதும், ஓடுபாதையின் வெள்ளை வேலியை ஒட்டி ஃபாதர் நடப்பார். சொல்ல ஏதாவது இருக்கிறவன் போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொள்வான். இருவரும் முகத்தைப் பார்க்காமல் முன்னால் பார்த்தபடி நடப்பார்கள். யார் நடக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. கேட்டதை ஃபாதர் வெளியே சொல்லக்கூடாது. கேட்டேன் என்பதையே சொல்லக்கூடாதாம். அவ்வளவு கண்டிப்பு. முருகன் படம் மாட்டிய என் கேண்டீனிலிருந்து பார்த்தால் அந்த வேலி முழுக்கத் தெரியும். வேற்று மதத்து ஜாக்கிகள்கூடச் சில பேர் நடப்பார்கள். மன்னிப்பு கிடைக்காவிட்டாலும் நடை மிச்சம்.

ஜெரோம் ஈப்போ பையன். பையன் என்கிறேன், இருபத்தாறு இருக்கும். ஜொகூரில் குடியிருந்துகொண்டு, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி வேலைக்கு வருவான். ஒரு பயிற்சியில் குதிரை அவனைத் தூக்கி எறிந்தது. மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தவன், "ஒண்ணும் இல்ல லா" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய பந்தயம். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக நல்ல குதிரை ஒன்று அவனுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

கண் டாக்டருக்குப் படித்தவர்கள் கவனிப்பதற்கு முன்னால் தோசைக்காரன் கவனித்தான். இடது பக்கம் வைத்த டீ கிளாஸை ஜெரோம் புதன்கிழமை தட்டிவிட்டான். வியாழக்கிழமையும் தட்டிவிட்டான். நான் இடது பக்கமாகப் போய் நின்றால் திடுக்கிட்டான். எனக்குச் சந்தேகம் வந்தது. அவன் இட்லி தின்றுகொண்டிருக்கும்போது கரண்டியை அவன் இடது கண்ணுக்கு ஒரு சாண் தள்ளி மேலும் கீழும் ஆட்டினேன். அவன் பாட்டுக்குச் சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

அன்று காலைதான் அவன் ஃபாதரோடு வேலியோரம் போனான். இரண்டு முறை போய்த் திரும்பினார்கள். மற்றவர்கள் ஒரு முறையோடு சரி. அவன் அவரிடம் என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

எனக்குத் தெரிந்தது இதுதான்: பன்னிரண்டு குதிரைகள் தோளோடு தோள் உரசி ஓடும்போது, இடது பக்கம் யார் வருகிறான் என்று தெரியாத ஒருவன் சற்றுச் சாய்ந்தால் போதும். அவன் ஒருவன் மட்டும் விழமாட்டான். மத்தியானம் ஜாக்கிகளுடைய டாக்டரம்மா சாப்பிட வந்தார், சீனப் பெண்மணி. எனக்கு இங்கிலீஷ் வராது. மலாயில் சொன்னேன்: "டாக்டர், ஜெரோம் மாத்தா கிரி தா நம்பாக்." இடது கண் தெரியவில்லை என்று. என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். முதலில் சொன்னதற்கு எனக்கு மாலை போடலாம். இரண்டாவது சொன்னதுதான் இத்தனை வருஷமாக என் நெஞ்சில் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா அவனைக் கூப்பிட்டுச் சோதித்தார். கண்ணுக்குள் ஒட்டியிருக்கும் விழித்திரை கழன்றிருந்தது. ஞாயிறு பந்தயம் மட்டும் இல்லை, இனிமேல் எந்தப் பந்தயமும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் இருக்கிற பார்வையும் போய்விடுமாம்.

விஷயம் கேள்விப்பட்டு ஃபாதர் அன்றே ஓடி வந்தார். ஜெரோம் என் கேண்டீனில்தான் இருந்தான். ஏழெட்டு ஜாக்கிகள் இருந்தார்கள். அவரைப் பார்த்ததும் எழுந்தான்.

"உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன், ஃபாதர்."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"டாக்டருக்கு யாரு சொன்னா? வேற யாருக்குமே தெரியாது. சாமிகிட்ட சொல்றதா நெனச்சு சொன்னேன். நீங்க போய் ஆபீஸ்ல சொல்லியிருக்கீங்க."

'நான் சொல்லவில்லை' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், இவன் தன்னிடம் எதையோ சொன்னான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதற்கும் அவருக்கு அனுமதி இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு, வாயைத் திறக்கவே இல்லை. ஜாக்கிகள் ஒவ்வொருவராக எழுந்து அவரைத் தாண்டிப் போனார்கள். நான் கரண்டியோடு நின்றேன். என் வாயும் திறக்கவில்லை. அவருக்காவது காரணம் இருந்தது.

எனக்கும் காரணம் இருந்தது, பயம் என்று அதற்குப் பெயர். டிரெயினர்களும் ஜாக்கிகளும் வந்து ரகசியம் பேசுகிற இடம் என் கேண்டீன். அங்கே தோசை சுடுகிறவன் பார்த்ததைப் போய்ச் சொல்கிறான் என்று தெரிந்தால், மறுநாள் முதல் ஒருவனும் வரமாட்டான். கேண்டீன் போனால் நான் யார்? மூன்றாம் வகுப்பு.

அடுத்த வாரம் ஃபாதர் தோசைக்குப் பின்பக்கம் வந்தபோது கேட்டேன்.

"ஃபாதர், டாக்டர்கிட்ட சொன்னது நான்தான். பையன்கள்ட்ட சொல்லிடவா?"

"எதப்பத்திச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியலயே அண்ணே" என்றார். "தோசை இருக்கா?"

அவரால் அதற்குமேல் பேச முடியாது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டேன். ஆறு தோசை வார்த்தேன். இரண்டுதான் தின்றார்.

ஆஸ்பத்திரியில் ஜெரோமைப் பார்க்கப் போனாராம். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டானாம். ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தாராம். மறுநாளும் போனாராம். அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷம் வியாழக்கிழமை தவறாமல் வந்தார். வேலியோரம் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை தனியாக நடப்பார். யாரும் பக்கத்தில் போய்ச் சேரவில்லை. நான் போயிருக்கலாம். அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பிறகு அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

போன வருஷம் அவர் இறந்தபோது, நெற்றியில் திருநீறோடு மாதா கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முன்னாள் ஜாக்கிகள் இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். வெளியே வரும்போது ஒருவர், "தங்கமான மனுஷன் அண்ணே. ஒரே ஒரு தப்புதான் பண்ணிட்டாரு" என்றார். இன்னொருவர், "அதனாலதான் ஜெரோம் பொழச்சான், விடு" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சவப்பெட்டியை வண்டியில் ஏற்றத் தூக்கினார்கள்.

இப்போது கிராஞ்சியில் பந்தயமும் இல்லை. குதிரைகளைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். என் கேண்டீனைப் பூட்டிவிட்டார்கள். அந்த வேலியையும் பிடுங்கியிருப்பார்கள். ஜாக்கிகள் பினாங்கு, பெர்த், மொரீஷியஸ் என்று ஆளுக்கொரு மூலை. எல்லோரையும் ஒரு காலையில் ஒரே இடத்தில் நிறுத்திச் சொல்வதற்கு இடமே இல்லை. அதனால்தான் எழுதத் தெரியாதவன் எழுதுகிறேன்.

ஜெரோம், ஈப்போவில் பலகாரக் கடை வைத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உன்னிடமும் மற்றவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடிய ஜாக்கிகள் முழுசாக வீடு திரும்பினார்களே, அதற்குக் காரணம் நான். உன் இடது கண்ணில் கொஞ்சமாவது பார்வை மிஞ்சியிருக்கிறதே, அதற்கும் நான். உன் குதிரையை உன்னிடமிருந்து பறித்தவனும் நானேதான். டாக்டரிடம் சொன்னது ஃபாதர் இல்லை, கேண்டீன்காரன். அந்த நல்ல பெயரையும் பழியையும் அவரிடமிருந்து எடுங்கள். இரண்டும் எனக்குச் சேர வேண்டியவை. என்னிடம் கொடுத்துவிடுங்கள்.