வீடு பார்த்துக் கொடுக்கும் மீன்காரி

“இன்னிக்கு எத்தினி பேரு துன்றீங்கோ?”

கூடையைத் தலையிலிருந்து இறக்கும்போதே கன்னியம்மா இதைக் கேட்டுவிடுவாள். என்ன மீன் வேண்டும் என்று கேட்கும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும், எவ்வளவு என்று அவளே எடுத்துப் போட்டுவிடுவாள். ஆனால் அந்தக் கேள்வி மீனுக்காக மட்டும் கேட்கப்படுவதல்ல. நேற்றுவரை ஆறு பேர் சாப்பிட்ட வீட்டில் இன்று நாலு பேர் என்றால் மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள், பின்கட்டு அறை சும்மா கிடக்கிறது. நாலு பேர் எட்டுப் பேரானால் ஊரிலிருந்து உறவு வந்து இறங்கியிருக்கிறது, சீக்கிரமே அந்த வீட்டுக்காரி “எங்கனா ஒரு ரூம்பு கெடைக்குமா கன்னிம்மா?” என்று குரலைத் தணித்துக்கொண்டு கேட்கப்போகிறாள். காசிமேட்டிலிருந்து தண்டையார்பேட்டை வரை எந்த அறை நிரம்பியது, எது காலியானது என்பதெல்லாம் இப்படித்தான் அவளுக்கு வந்து சேர்கிறது.

நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கறுத்து நெடுநெடுவென்று இருப்பாள். சேலை கணுக்காலுக்கு மேல் ஏறியே இருக்கும். விடியும்போது கட்டுமரங்கள் கரை ஏறும். புருஷன் தாமோதரன் பிடித்து வருவதோடு ஏலத்தில் எடுப்பதையும் சேர்த்துக் கூடையில் போட்டு, மேலே ஈரக் கோணியை மூடி, கிளம்பிவிடுவாள். யார் வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. கேட்டால், “குந்திக்கினா மீனும் குந்திக்கும்” என்பாள்.

வீடு பார்க்கப் போனால் முதலில் உள்ளங்கையைச் சுவரில் வைப்பாள், வைத்தியர் நாடி பார்ப்பதுபோல. அப்புறம் வீட்டுக்குப் பெயர் சூட்டுவாள். ஆள் நுழைந்தால் மூச்சுத் திணறும் அறை ‘நெத்திலி’. காற்றும் வெளிச்சமும் உள்ளது ‘வஞ்சிரம்’. மூட்டைப்பூச்சி உள்ளது ‘முள்ளு’. தரகுக் கூலி எதுவும் வாங்கமாட்டாள். குடி வந்தவர்கள் அவளிடம்தான் மீன் வாங்க வேண்டும், அவ்வளவே. சைவக்காரர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தால், வெயிலில் அந்தப் பக்கம் வரும்போது ஒரு லோட்டா மோர்.

இந்தக் கன்னியம்மாவுக்கு ஐம்பத்திரண்டாம் வருஷம் ஒரு சோதனை வந்தது.

ஆற்காட்டுப் பக்கம் மழை வருஷத்துக்கு வருஷம் பொய்த்துக்கொண்டிருந்த காலம் அது. கிணறும் ஏரியும் வறண்டு, மாட்டை விற்றுத் தின்ற பிறகு, ஜனங்கள் ரயிலேறியும் கால்நடையாகவும் பட்டணம் வந்தார்கள். துறைமுகத்தில் கூலி கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கூலி கிடைத்தது. தலைக்கு மேல் கூரைதான் கிடைக்கவில்லை. ராயபுரம் ரயில்பாதையை ஒட்டிய கிடங்குச் சுவரில் கோணியைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தினார்கள். கன்னியம்மா மனம் கேளாமல் அவர்களில் சிலரைப் பக்தவச்சலத்தின் ஸ்டோரில் காலியாக இருந்த இரண்டு அறைகளில் கொண்டுபோய் வைத்தாள்.

ஸ்டோர் என்றால் நடுவில் முற்றமும் ஒரு குழாயும், சுற்றிலும் அறைக்கு ஒரு குடும்பமுமாக உள்ள கட்டடம். பக்தவச்சலம் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. நாற்பத்திரண்டில் குண்டு விழும் என்ற பயத்தில் ஊரே காலியானபோது அவருடைய ஸ்டோரில் புறாக்கள் மட்டும் குடியிருந்தன. அந்தப் பயம் அவரை விட்டுப் போகவில்லை. கிடைக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் ஊறிவிட்டது. புதிதாக வந்தவர்கள் நாலு குடும்பமாகச் சேர்ந்து, நடுவில் கோணித் திரை கட்டிக்கொண்டு, ஓர் அறைக்கு இரட்டை வாடகை கொடுப்பதை அவர் பார்த்தார். பழைய குடித்தனக்காரன் ஒரு சம்பளத்திலிருந்து வாடகை கொடுப்பவன். வந்தவர்களோ நாலு கூலியைச் சேர்த்துக் கொடுப்பவர்கள். கணக்கு அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

அக்டோபர் முதல் தேதியிலிருந்து எல்லா அறைக்கும் இரட்டை வாடகை, முடியாதவர்கள் காலி செய்யலாம், எடுத்துக்கொள்ள ஆள் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். பகலில் குழாயையும் பூட்டினார். வாடகைக்குக் கட்டுப்பாடு என்று சட்டம் இருந்தது என்னவோ உண்மை. ஆனால் அதற்குக் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டும். நடக்கிற அன்றைக்குக் கூலி கிடையாது.

ஸ்டோரில் நெடுநாள் வாடிக்கை அடைக்கலமேரி. புருஷன் தேவப்பிரியம் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த ஒற்றை அறையில்தான் அவள் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள். அன்று கன்னியம்மா வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே கூடையில் கை வைத்தபோது, மேரி நிலைப்படியை விட்டு நகரவில்லை.

“எத்தினி பேரு துன்றோம்னு கேக்காத யக்கா. எத்தினி நாளு இங்க இருப்போம்னு கேளு. வந்தவங்க அல்லாரியும் நீதான இட்டாந்து வுட்ட. ஒம் மீனு எனக்கு வோணாம்.”

மற்ற வாசல்களிலும் அதே முகங்கள். ஒரு வீட்டில்கூடக் கூடை இறங்கவில்லை.

கன்னியம்மா நேரே கிடங்குச் சுவருக்குப் போனாள். அங்கே வேம்பு என்றொருத்தி, செங்கம் பக்கத்திலிருந்து வந்தவள், மூன்று கல்லை வைத்துக் கேழ்வரகுக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். மேரியின் அறையைப் பேசி முடித்திருந்த நாலு குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. அந்த அறைக்குப் போகாதே, அதில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று கன்னியம்மா சொன்னாள். வேம்பு அகப்பையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

“கூரைக்கு கீழ கீறவங்க சொல்றது சுளுவு யக்கா. ஐப்பசில மழ ஊத்தும். எம் புள்ளைங்கள ஒங் கூடயக் கவுத்தா மூடி வெப்ப?”

மேரி சொன்னதும் நியாயம், வேம்பு சொன்னதும் நியாயம். இரண்டு நியாயமும் ஒரே அறைக்குள் போட்டி போட்டன. கோணியின் கீழே புழுதியில் புரண்டுகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு, ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். சுவர் வைப்போம் என்றாள் வேம்பு. தன் புருஷன் மிதித்து வைத்த மண்சுவர் எத்தனை மழைக்கும் அசையாது என்று சொல்லும்போதுதான் அவள் குரலில் முதன்முதலாகத் தெம்பு ஏறியது.

“அப்போ கையி கீது. எடந்தான் இல்ல” என்றாள் கன்னியம்மா, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

இடம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? தண்டையார்பேட்டையில் உசேன் சாயபுவின் விறகுத் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெரிய மனை. யுத்தத்தில் பட்டாளத்தார் எடுத்துக்கொண்டு எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கியிருந்தார்கள். அவர்கள் போனபின் முள்ளும் குப்பையுமாகக் கிடந்தது. எத்தனையோ பேர் கேட்டும் சாயபு கொடுத்ததில்லை. குடிசை போட்டவன் எழுந்திருக்கமாட்டான், இது எங்க அத்தா சம்பாதித்த இடம் என்பார். கன்னியம்மாவிடமும் அதையேதான் சொன்னார்.

அவள் மறுக்கவில்லை. “எயுந்திருக்க மாட்டாங்கோ சாயபு. அத்த நானே சொல்லிட்றேன். ஆனா மாசா மாசம் மனவாடக குடுப்பாங்கோ. இப்போ அந்த எடம் ஒனுக்கு இன்னா குடுக்குது? பின்னால வயியா பூந்து ஒன் வெறவ எவனோ தூக்கிக்கினு போறான். நாலு வூடு இருந்தா வருவானா?”

சாயபு தாடியைத் தடவிக்கொண்டார். நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் யார் ஜவாப்தாரி என்றார்.

“மீனு நொந்து பூட்ச்சின்னா திருப்பி எட்த்துக்கினு போறேனா இல்லியா? நான் இட்டார ஆளும் அப்டித்தான்.”

மறுநாள் சாயபு சம்மதம் சொன்னார். விறகு வண்டிக்கு வழி விட வேண்டும், கள்ளச்சாராயம் காய்ச்சக் கூடாது. இரண்டுக்கும் கன்னியம்மா கூடையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

முள்ளை வெட்டியதும் வேம்புவின் ஆட்கள் மண்ணை வெட்டிக் குழைத்து மிதிக்கத் தொடங்கினார்கள். பகலில் துறைமுகக் கூலி, பொழுது சாய்ந்ததும் சுவர் வேலை. சுவர் முழங்கால் உயரம் எழும்பியது, இடுப்பு உயரம் எழும்பியது. கூரைக்குத்தான் மரமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மேரி வெளியே வரும்வரை கன்னியம்மா மாதா கோயில் வாசலில் காத்திருந்தாள்.

“அவங்களுக்குக் கூர ஆச்சின்னா ஒன் ரூம்ப கேக்க ஆளு ஏது மேரி? எனக்காவ வோணாம், அவங்களுக்காவும் வோணாம். ஒன் வூட்ட நீ காப்பாத்திக்கோ.”

மேரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். ஆனால் திங்கள் மாலை தேவப்பிரியம், துறைமுகத்தில் கழித்துப் போட்ட பெட்டிப் பலகைகளைத் தலையில் சுமந்துகொண்டு தண்டையார்பேட்டையில் வந்து நின்றான். அவன் பின்னால் ஸ்டோர்க்காரர்கள் வரிசையாக வந்தார்கள். தாமோதரனும் குப்பத்து ஆட்களும் கடலுக்கு உதவாத பழைய கட்டுமரத் தடிகளை உத்தரத்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். எண்ணூர்ப் பக்கத்துப் பனையோலை கால்வாய்ப் படகில் வந்து இறங்கியது. அதுவரை ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே கயிற்றின் இரு முனையைப் பிடித்து இழுத்தார்கள்.

அக்டோபர் முதல் தேதி காலையில் பக்தவச்சலம் ஸ்டோர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெற்றிலைப் பெட்டி பக்கத்தில் இருந்தது. வர வேண்டியவர்கள் வரவில்லை. அவர் கண்ணெதிரே, திரை கட்டி வாழ்ந்த புதுக் குடும்பங்கள்தான் பானையும் பாயுமாக வெளியே போயின. வெயில் ஏறியது. பழைய குடித்தனக்காரர்கள் யாரும் ஒரு சாமானைக்கூட அசைக்கவில்லை. அடைக்கலமேரி அவரைப் பார்த்தபடியே அடுப்பில் உலை வைத்தாள். உச்சிப்பொழுதில் அவர் நாற்காலியை மடக்கித் தாமே எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குச் சாயங்காலம் குழாயின் பூட்டு காணாமல் போயிருந்தது.

மறு வாரம் காசிமேட்டு மணலில் ஓர் அதிசயம் நடந்தது. மீன் நாற்றம் பட்டாலே முகம் சுளிக்கிற பக்தவச்சலம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூக்கில் துண்டை வைத்தபடி ஏலக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இரண்டு அறை காலியாக இருக்கிறது, நல்ல ஆளாகப் பார்த்து வை என்று கேட்கத்தான்.

“ஏலம் முடியட்டும் நைனா. அப்டி நில்லு” என்றாள் கன்னியம்மா.

அவர் நின்றார். சுறாவும் காலாவும் விலை போகிறவரை, அலை வந்து வேட்டி நுனியை நனைக்க நனைக்க நின்றார். ஏலம் முடிந்ததும் கன்னியம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து தன் நிபந்தனைகளைச் சொன்னாள். பழைய வாடகைதான். ரூம்புக்கு ஒரு குடும்பம்தான். குழாய் பகலெல்லாம் திறந்திருக்க வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் போனபின் குப்பத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கிடங்குச் சுவரோரம் முழங்கால் தண்ணீர். கன்னியம்மா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு ஓடினாள். வேம்புவின் வீட்டுக்குள் நுழைந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். காய்ந்திருந்தது. பிள்ளைகள் மூலைக்கு ஒன்றாக உருண்டு தூங்கிக்கொண்டிருந்தன. வேம்பு ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள். யார் வீட்டிலும் உட்காராத கன்னியம்மா அன்று அதில் உட்கார்ந்து, சுடச்சுடக் கூழ் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மாசி மாதம் மறுபடியும் ஒரு கூட்டம் வந்தது. மூட்டை முடிச்சுகளோடு விறகுத் தொட்டி வாசலில் வந்து தயங்கி நின்றார்கள். வரிசை வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். இங்கே இடமில்லை, வேறு எங்காவது போங்கள் என்று முதலில் சொன்னவள் வேம்புதான். இவர்களெல்லாம் வந்து குவிந்தால் சாயபு மனை வாடகையை ஏற்றிவிடுவார் என்று அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது.

மீனோடு வந்திருந்த கன்னியம்மாவும் அதைக் கேட்டாள். கூடையை ஓரமாக வைத்தாள். வேம்பு வீட்டுப் பக்கச் சுவரில் குதிகாலை ஒட்டி வைத்து, அங்கிருந்து கால் பெருவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டே நடந்தாள். திரும்பி இன்னொரு கோடு. வேம்புவின் புருஷன் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மண்வெட்டியை எடுத்து வந்தான். மறுபடி திரும்பி மூன்றாவது கோட்டைச் சுவரை நோக்கி இழுத்து வரும்போது கன்னியம்மா நடுவில் காலைத் தூக்கி, வாசலுக்கென்று ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மண்ணைக் கீறாமல் விட்டு, அப்பால் ஊன்றி மிச்சத்தை இழுத்து முடித்தாள்.