துலுக்கானம் கட்டிய பாட்டு

1984 ஆடி மாதம், பருத்திப்பட்டு அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை. ஊரே பாத்திரத்தோடு வரிசையில் நின்ற நேரத்தில் வரதனின் ஆம்பிளிஃபயர் புகைந்து போனது. மைக்செட் வாடகைக்கு விட ஆரம்பித்து அவனுக்கு அதுதான் முதல் திருவிழா. கமிட்டித் தலைவர் உலகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். உடுக்கையோடு நின்ற துலுக்கானம் முந்திக்கொண்டார்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். இன்னிக்கு வெறுந்தொண்டையில கேக்கணும்னு ஆத்தா சொல்றா."

சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் மைக் இல்லாமல் பாடினார். வரதனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. துலுக்கானமும் அதைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை. வேறு வேலையில்லாத வரதன் பேட்டரி டேப்ரிக்கார்டரை அவர் காலடியில் வைத்து அத்தனையையும் பதிவு செய்துகொண்டான்.

துலுக்கானம் ஆவடி ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறவர். மகள் தாட்சாயிணிக்கு ஏழு வயதில் அம்மை போட்டிருந்தபோது, வேப்பிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கட்டிய பாட்டு ஒன்று உண்டு. "ஏரித்தண்ணி எடுத்து வாடி, எம்மவ மேல எறங்கிப் போடி" என்று தொடங்கும். மகள் பிழைத்தாள். அன்றிலிருந்து ஆடிதோறும் அதைப் பாடினார்.

1988இல் பட்டணத்திலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்தார். கூட்டிக்கொண்டு வந்ததே வரதன்தான். துலுக்கானம் அந்தப் பாட்டைப் பாடப்பாட எழுதிக்கொண்டவர், கடைசியில் கேட்டார்:

"எழுதினது யாருன்னு போடறது?"

"ஆத்தா."

"சரிங்க, உங்க பேரு?"

"என் பேரு எதுக்குங்க? போடாதீங்க, தப்பு."

"போட்டுக்க அண்ணாத்தே, ரேடியோல வரும்" என்றான் வரதன்.

"ஆமா, ரேடியோல பேரு வந்தா டோக்கன் தானா கிழியுமா? சும்மா இரு நைனா."

கேசட் வந்தது. வேறொருவர் பாடியிருந்தார். அட்டையில் பாட்டு எழுதியவர் என்று கம்பெனி முதலாளியின் பேர் இருந்தது. துலுக்கானம் அட்டையிலிருந்த அம்மன் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதோடு சரி.

வரதனால் அப்படி விட முடியவில்லை. 1991 ஆடியில் துலுக்கானம் பாடியதைப் பதிவு செய்து, நூறு கேசட் போட்டுக் கோயில் வாசலில் வைத்தான். பத்தே நாளில் கம்பெனி கொடுத்த புகாரில் போலீஸ் வந்தது. திருட்டுக் கேசட் என்று சொல்லி அவன் கேசட் பதிகிற இரண்டு டெக்கையும் தூக்கிக்கொண்டு போனது. ஒரு ராத்திரி லாக்கப், பிறகு ஜாமீன். வழக்கு பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போனது.

வக்கீல் இராமகிருஷ்ணன் துலுக்கானத்தை எதிரில் உட்கார வைத்துப் பேசினார். "பாட்டு என்னுதுன்னு நீங்க சொன்னா வரதன் தப்பிச்சிடுவான். ஆத்தா எழுதினான்னு சொன்னீங்கன்னா உள்ளே போவான்."

துலுக்கானம் வரதனைப் பார்த்தார். வரதன் தரையைப் பார்த்தான். அவன் மனைவி வசந்தா நிறைமாதம்.

கோர்ட்டில், ஆம்பிளிஃபயர் புகைந்த அன்று வரதன் பதிந்த பழைய கேசட்டைப் போட்டார்கள். ஏரித்தண்ணிப் பாட்டுக்கும் உடுக்கைச் சத்தத்துக்கும் நடுவே, "எண்பத்து நாலாம் வருஷக் கூழ், எல்லாரும் வரிசையா வாங்க!" என்று உலகநாதன் கத்துவது தெளிவாகக் கேட்டது. கம்பெனி கேசட்டுக்கு நாலு வருஷம் மூத்தது.

"இந்தப் பாட்டு யாருடையது?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னுதுங்க" என்றார் துலுக்கானம். "நான்தான் கட்டினேன்."

வழக்கு தள்ளுபடியானது. டெக் இரண்டும் திரும்பி வந்தன. வரதன் அவற்றைத் துடைத்து அலமாரியில் வைத்தான். சந்தோஷம் வருமென்று பார்த்தான், வரவில்லை. அழுகையும் வரவில்லை. வசந்தா போட்ட சோற்றைத் தின்றான்.

மறு ஆடியில் துலுக்கானம் உடுக்கை இல்லாமல் வந்தார். மற்றவர்களைப் போலப் பாத்திரத்தோடு வரிசையில் நின்று கூழ் வாங்கிக்கொண்டார். வரதன் மைக்கை நீட்டினான்.

"தொண்ட சரியில்ல" என்றார்.

அதற்கடுத்த ஆடியிலும் அதையேதான் சொன்னார். சைக்கிள் ஸ்டாண்டில்கூட அவர் முணுமுணுத்து யாரும் கேட்கவில்லை.

1994இல் உடம்பு முடியாமல் வேலப்பன்சாவடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மத்தியானம் வரதன் பார்க்கப் போனான். இரண்டு பேரும் சுவரில் தொங்கிய காலண்டர் அம்மனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்து நாளில் அவர் கண்ணை மூடிவிடுவார் என்று வரதனுக்குத் தெரியாது. எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் கேட்டான்.

"ஏன் அண்ணாத்தே பாட்றதே இல்ல? தொண்ட நல்லாத்தானே கீது?"

துலுக்கானம் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கோர்ட்ல என்னுதுன்னு சொல்ட்டேன் நைனா. அது ஆத்தா பொருளு. திருப்பிக் குடுக்க வழி தெரில." அடுக்களைப் பக்கம் கையைக் காட்டி, "தாட்சாயிணி சோறு வச்சிக்கீறா. சாப்ட்டுப் போ" என்றார்.