கொல்லிமலைக் கடுக்காயோடு தோல் ஷாப்புக்கு

2008 மாசியில் ஒரு சனிக்கிழமை, நானும் அம்மாவும் இரண்டு மூட்டைக் கடுக்காயோடு கொல்லிமலையிலிருந்து அடிவாரத்தில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போனோம். என்னை ஒன்பதாவதோடு நிறுத்திப் பஞ்சாலைக்கு அனுப்புவதாக மில் ஆளிடம் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டு, மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தார். மில் ஆள் திங்கட்கிழமை வருவதாகப் பேச்சு. "நம்ம காய மலை வியாபாரி இல்லாம ஷாப்புக்காரங்க நேரா வாங்கிக்கிட்டா, அந்தக் காசக் காட்டி உங்கப்பன்கிட்ட நான் பேசிக்கறேன் கண்ணு" என்றாள் அம்மா. (அப்பாவுக்குத் தெரியாமல், சித்தி வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன். பேர் கேட்காதீர்கள்.)

எங்கள் எடப்புளி நாட்டிலிருந்து (மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்போம்) அடிவாரப் புளியஞ்சோலைக்கு ஒற்றையடிப் பாதை. காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். தலையில் ஆளுக்கு இருபது கிலோ. நாலு மணி நேர இறக்கம், முழங்கால் கெஞ்சும். 9.30 பஸ்ஸில் டிக்கெட் நாலு ரூபாய், மூட்டைக்கு ஐந்து. "ஏனுங்க, உள்ள என்ன கல்லா?" என்றார் கண்டக்டர். பதினோரு கிலோமீட்டரில் இறங்கினோம்.

தென்னந்தோப்பு ஓரத்தில் ஷாப். நாற்றம்தான் வழி காட்டியது. முதலில் சுண்ணாம்புத் தொட்டிகள். முடி கழலும்வரை ஆட்டுத்தோல் அதில் ஊறுகிறது. அடுத்து, சாய்த்து வைத்த மரத்தில் தோலைப் போட்டு, இரண்டு கைப்பிடி உள்ள கத்தியால் சதையை வழிக்கிறார்கள். பிறகு ஆவாரம்பட்டைத் தொட்டி. ஆவாரம்பட்டையில் மட்டும் ஊறிய தோல் வெயில் பட்டால் சிவந்துவிடுமாம். அதற்குத்தான் கடைசியில் கடுக்காய்த் தண்ணீர்.

சரக்கு வாங்கும் மேஸ்திரி என் மூட்டையை முதலில் அவிழ்த்தார். ஒரு காயை உடைத்து மென்றார், துப்பினார்.

"யாரு இதத் தண்ணில போட்டது?"

நான்தான். காய் தூசியாக இருக்கிறதே, முதல் வியாபாரம் ஆயிற்றே என்று ராத்திரி முழுக்க ஓடையில் ஊறவைத்து, இரண்டு நாள் காயவைத்திருந்தேன். அம்மாவின் மூட்டையைக் கழுவ நேரம் கிடைக்கவில்லை.

"துவர்ப்பெல்லாம் ஓடையோட போயிருச்சு சாமி. அந்தத் துவர்ப்புக்குத்தானே நாங்க காசு குடுக்கறோம்."

கத்தி பிடித்திருந்தவர் சிரித்தார். "குளிப்பாட்டிப் பொட்டு வெச்சுக் கூட்டியாந்திருக்குதுங்க!"

"மலைச் சரக்கே இப்படித்தான். எடுத்துட்டுப் போங்க" என்று மேஸ்திரி எழுந்துவிட்டார்.

எனக்குத் திங்கட்கிழமை மட்டும்தான் கண்முன் நின்றது. அம்மாவின் மூட்டையை அவிழ்த்து, தூசி படிந்த காய் ஒன்றை நீட்டினேன்.

"இது தண்ணியே படாததுங்க. ஒண்ணே ஒண்ணு கடிச்சுப் பாருங்க."

வேண்டாவெறுப்பாக மென்றார். முகம் கோணியது, ஒரு கண் மூடிக்கொண்டது. "தண்ணி… தண்ணி கொண்டாங்கப்பா!" கத்திக்காரர் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தார். மேஸ்திரி மூட்டையின் அடிவரை கைவிட்டு நாலு காய் எடுத்து உடைத்தார். எல்லாம் கெட்டி மஞ்சள். மூலையில் கிடந்த வியாபாரிச் சரக்கில் ஒன்றை உடைத்தார்; உள்ளே புழுத்தூள்.

"இந்த மாதிரியே வாரம் ரெண்டு மூட்டை கொண்டு வருவீங்களா?"

"வாரோமுங்க" என்றோம், இருவரும் ஒரே நேரத்தில். அப்பா நம்பமாட்டார் என்று என் கணக்கு நோட்டிலேயே எழுதித் தரச் சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டார். விலை, மலை வியாபாரி தருவதைப்போல இரண்டு மடங்கு.

திரும்ப மலை ஏற ஆறு மணி நேரம். வழியெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். திங்கட்கிழமை மில் ஆளிடம் வாசலில் நின்றே, "புள்ள பத்தாவது படிக்கப் போகுதுங்க, நீங்க கெளம்புங்க" என்றாள். கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வந்து நோட்டை மூன்று தடவை வாசித்தார். இன்னும் எங்களோடு பேசவில்லை. ஆனால் என்னை நிறுத்தவும் இல்லை.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை ஷாப் விடுமுறை. சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வெறுங்காலோடு போகாதீர்கள், கால் பொத்துவிடும். புளியஞ்சோலையில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். கடுக்காய் கொண்டுபோனால் மழையிலும் நனையவிடாதீர்கள். பயமாக இருந்தால் பயத்தோடேயே கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். ஜூனில் பத்தாவதில் உட்காரப் போகிறேன்.