அமீனாவுக்கு ஒரு வீடு

கோர்ட் உத்தரவோடு போய்க் குடியிருப்பவர்களை வீட்டை விட்டு இறக்குவதுதான் அமீனா வேலை. அந்த வேலையில் இருந்துகொண்டு குடியிருக்க வீடு தேடினால் என்ன பாடு என்பது, வாடகை வீட்டுக்கு அலைந்த உங்களுக்குப் பாதியாவது விளங்கும். குமரிப் பக்கம் தமிழ்நாட்டோடு சேராமல், திருக்கொச்சி ராஜ்யத்தில் நாங்கள் இருந்த காலம். குழித்துறைக் கோர்ட்டிலிருந்து என்னை நாகர்கோவிலுக்கு மாற்றினார்கள். டவுன் வாடகை என் சம்பளத்துக்கு எட்டாது.

வண்டியில் போனது

ஊரில், சிதறாலில், என் மனைவி தங்கம்மைக்கு எட்டாம் மாசம். முன்பு, முதல் பிரசவத்துக்கு அவளை மாட்டுவண்டியில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதி வழியிலேயே பிறந்துவிட்டது. அழவில்லை. அந்த வண்டிச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

இந்த முறை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும். அதுவும் ஒன்பதாம் மாசம் பிறக்குமுன். ஒன்பது பிறந்துவிட்டால் வயிற்றுப்பிள்ளைக்காரி வீடு மாறக்கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு, யாரும் வீட்டில் ஏற்றமாட்டார்கள். கையில் பதினெட்டு நாள் இருந்தது. நான் பஸ் ஏறப் புறப்படும்போது தங்கம்மை சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "மாளிகை ஒண்ணும் வேண்டாம். வண்டியில ஏறாம ஆஸ்பத்திரிக்குப் போணும். எனக்குப் பயமாட்டு இருக்கு, கேட்டியளா?"

மோர்ச்செம்பு

வடசேரியில் ஒரு வீட்டுக்காரர் உட்காரவைத்து மோர் கொடுத்தார். சைவமா என்று கேட்டார், ஆமென்றேன். உத்தியோகம் கேட்டார், கோர்ட்டில் என்றேன். குமஸ்தாவா என்றார். அமீனா என்றதும், ஜப்திக்குத் தமுக்கடிக்கிறவன் எங்கே என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பாதி குடித்த செம்பு என் கையிலிருந்து போனது.

"நல்ல மனுசனாட்டுத்தான் தெரியுது. ஆனா காலம்பற நீரு என் வாசல்ல நின்னா, என் வீட்டைத்தான் ஜப்தி பண்ண வந்திருக்குன்னு ஊரு பேசாதா? எனக்கு ரெண்டு பொண்ணு கெட்டிக் குடுக்கண்டாமா வே?"

இதே பதிலை வேறு வேறு வாயிலிருந்து இன்னும் நாலு தெருவில் கேட்டேன்.

சாய்ந்த சுவர்

கோட்டாற்றில் என் சம்பளத்துக்கு ஏற்ற வீடு ஒன்று கிடைக்கத்தான் செய்தது. மேற்குச் சுவர் சாய்ந்து, அதற்குத் தென்னந்தடி முட்டுக் கொடுத்திருந்தார்கள். பிறக்கிற பிள்ளையைக் கிடத்தவேண்டிய இடம் சரியாக அந்தச் சுவரடிதான். தொட்டுப் பார்த்தேன், மண் உதிர்ந்தது. வீட்டுக்காரர் என்னைத் தைரியப்படுத்தினார். "பத்து வருசமாட்டு இது இப்ப விழும், இப்ப விழும்னுதான் சொல்லுகா. எங்க விழுந்துது?"

கோர்ட் வராந்தாவில்

ஐந்து நாள்தான் மிச்சம். ராத்திரி கண்ணை மூடினால் வண்டிச் சத்தம். அப்போது ஒரு பெரியவர் கோர்ட் வராந்தாவில் என்னைத் தனியாக அழைத்தார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி அவருக்கு வீடு உண்டு. அதில் குடியிருந்த வாத்தியாரை இறக்கத் தீர்ப்பு வாங்கிவிட்டார். வாரண்டு என் பையில்தான் இருந்தது. "நாளைக்கே ஒழிச்சுத் தாரும். வாத்தியாருக்க வாடகையிலேயே நீரு ஏறிக்கிடும். அமீனாவா இருந்தா எனக்கென்ன, பேயா இருந்தா எனக்கென்ன?"

அன்று நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கதவு

மறுநாள் காலையில் கதவைத் தட்டினேன். திறந்தது வாத்தியாரின் மனைவி செல்லம்மை. நிறைமாசம். வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாரண்டைப் பார்த்ததும் கேட்டாள்: "அண்ணாச்சி, எனக்கு ஒம்பது பெறந்தாச்சே. இனி எந்த வீட்டுல என்னை ஏத்துவா?"

வாரண்டை மடித்துப் பையில் வைத்தேன். திரும்பி வந்து, 'வீடு பூட்டியிருந்தது' என்று வாரண்டில் எழுதினேன். எங்கள் தொழிலில் பழைய பொய்தான். ஆனால் முன்சீப் அறிந்தால் வேலை போகும். வேலையும் போய், வீடும் போய், தங்கம்மையை மறுபடி அந்த வண்டியில் ஏற்றுவதை நினைத்துக் கோர்ட் கிணற்றடியில் நின்று அழுதேன்.

சாயங்காலம் வாத்தியார் என்னைத் தேடி வந்தார். நடந்ததை எல்லாம், தங்கம்மையின் நிலைமையையும் சேர்த்து, சொல்லிவிட்டேன். அவர் என்னை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். செல்லம்மை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பின்கட்டு அறையில் கிடந்த நெல்லுப்பெட்டியை நகர்த்தச் சொன்னாள். "அக்காவை நாளைக்கே கூட்டிட்டு வாருங்க. உள்ள ஒரு அமீனா குடியிருந்தா, வெளிய இருந்து எந்த அமீனா வருவான்?"

தலைக்கணக்கு

ஒன்பது பிறக்க ஒரு நாள் இருக்கும்போது தங்கம்மையைக் கூட்டி வந்தேன். முதலில் செல்லம்மைக்குப் பையன் பிறந்தான். மூன்று வாரம் கழித்து, விடியும் நேரத்தில், தங்கம்மை என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு தெருவும் நடந்தாள். பிரசவ அறைக்கு வெளியே நான் சுவரோடு ஒட்டி நின்றேன். சத்தமே இல்லை. உயிர் என்னிடம் இல்லை. பிறகு அழுதது பாருங்கள், அப்படி ஒரு அழுகை!

பிள்ளையோடு வீடு வந்த அன்று வீட்டுக்காரர் வாசலில் நின்றார். உள்ளே இரண்டு குழந்தைகளும் போட்டி போட்டுக் கத்தின. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் வே, ஆளை ஒழிக்கச் சொன்னா, ஆளைக் கூட்டிட்டா இருக்கேரு?" கேட்டாரே தவிர, அதற்குப் பிறகு வாரண்டு எடுக்க அவர் கோர்ட்டுக்கு வரவில்லை.

இருபத்தேழு வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ வீடுகளை ஒழித்துக் கொடுத்தேன். எனக்கென்று கிடைத்தது, ஒழிக்காமல் விட்ட அந்த ஒரு வீடுதான்.