அவள் பெயரில் போன அஞ்சல்கள்

நான் செய்த தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சோம்பலால் நேர்ந்த ஒரு கேட்டை ஒரு பெண்ணின் தலையில் விழவிட்டு, வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் வேலையை இழந்தாள். கூடப் பிறந்த அண்ணனையும் இழந்தாள்.

அப்போது நான் மலேசியாவின் பத்து பகாட் நகரில் ஒரு துணி ஆலையின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். மாடியில் குளிரூட்டிய ஒரு சிறிய அறை. அதில் மின்னஞ்சல் சர்வர் ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் கீழே சாயமேற்றிய துணிகள் மெல்ல நகர்ந்து போகும். நீலம் போய் முடிந்து மஞ்சள் வரும். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். கடிதங்கள் மீன்களாக என் தோளை உரசிக்கொண்டு வெளியே நீந்திப் போவதாக நினைத்துக்கொள்வேன்.

ஆலைக்குள்ளிருந்து கிளம்பும் அஞ்சலை மட்டுமே வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கும்படி சர்வரை அமைத்திருந்தேன். சிங்கப்பூருக்குப் போய்வரும் விற்பனைக்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. தீபாவளிக்கு முதல் நாள் அவர்களில் ஒருவன் அங்கிருந்து அழைத்தான்.

"அங்கிள், ஹோட்டல்லேர்ந்து ஒரு மெயிலும் போக மாட்டேங்குது. கஸ்டமர் கத்துறான். நீங்க நல்லா தீபாவளி கொண்டாடுங்க, நான் இங்க கெடந்து சாகுறேன் லா."

வெளியூர் போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் அமைத்திருக்க வேண்டும். அதைச் செய்திருந்தால் மாலையாகியிருக்கும். எனக்கோ வீட்டுக்குப் போகும் அவசரம். ஒரே ஒரு வரியை மாற்றினேன்: அனுப்புநர் முகவரியில் ஆலையின் பெயர் இருந்தால், எங்கிருந்து வந்த அஞ்சலானாலும் அனுப்பிவிடு. ஆலைச் சட்டை போட்டவனையெல்லாம் காவலாளி உள்ளே விடுவது போன்றது அது. எங்கள் ஆலைச் சட்டையோ பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் குவித்துப்போட்டு விற்கும் சரக்கு. முகவரியும் அப்படித்தான், யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். தெரிந்தேதான் செய்தேன். திரும்பி வந்து சரிசெய்துவிடலாம் என்று எண்ணினேன்.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போனபோது ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்த பெண் என் அறை வாசலில் நின்றாள்.

"அங்கிள், நான் அனுப்பாத மெயிலெல்லாம் எனக்குத் திரும்பி வருது. அத்தனையும் ஆம்பளைங்க மாத்திரை விளம்பரம். திறந்து பாக்கவே கூச்சமா இருக்கு. நிக்கவே மாட்டேங்குது அங்கிள்."

பார்த்ததுமே விளங்கிவிட்டது. ஆலையின் இணையப் பக்கத்தில் இருந்த அவளுடைய முகவரியை எவனோ எடுத்து, அனுப்புநர் இடத்தில் போட்டிருக்கிறான். என் சர்வர் அந்தப் பெயரை நம்பி, உலகம் முழுக்க அவற்றைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. சேராதவை அவளிடமே திரும்பி வந்தன. "பாக்குறேன்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் போனதும் அந்த வரியை அழித்தேன். முன்பே அமைத்திருக்க வேண்டிய கடவுச்சொற்களை அன்று உட்கார்ந்து அமைத்தேன்.

அதற்குள் மற்ற சர்வர்கள் எங்கள் ஆலை அஞ்சலையே மறுக்கத் தொடங்கியிருந்தன. மேலாளர் என்னையும் அவளையும் கூப்பிட்டு, யார் செய்தது என்று கேட்டார். அஞ்சல்களிலெல்லாம் அவள் பெயர் இருந்தது. அவளுடைய கணினியில் வைரஸ் புகுந்திருக்கலாம் என்றேன். எதைத் திறந்து பார்த்தாளோ என்றும் சொன்னேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை எவரும் என்னிடம் கேட்கவில்லை. என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் அது. பயந்துவிட்டேன். அவளை ராஜினாமா செய்யச் சொன்னார்கள்.

அவளுடைய அண்ணன் அதே ஆலையில் லாரி ஓட்டினான். பெற்றோர் இல்லாத அவளை வளர்த்தவன் அவன்தான். கேண்டீனில் யாரோ அவனைப் பார்த்து, "என்னலா, உன் தங்கச்சி மாத்திரை விக்கிறாளாமே, நமக்கு டிஸ்கவுண்ட் உண்டா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மேசையில் நான் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அதன்பின் அவன் தங்கையோடு பேசவில்லை என்றார்கள். அவள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு மழை பெய்யும் மதியங்களில் தூங்கும்போது அந்த ரீங்காரம் கேட்கும். நீலத் துணி போகும், மஞ்சள் துணி வரும், நடுவே அவள் வாசலில் நின்று ஏதோ சொல்வாள். சத்தம் வராது. விழித்த பிறகும் அறை முழுவதும் தண்ணீர் நிரம்பியிருப்பது போல இருக்கும்.

ஒருநாள் கிளம்பிவிட்டேன். அவள் பண்டார் தெங்காரா என்ற ஊரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்ப்பதாக விசாரித்து அறிந்திருந்தேன். அவளுடைய சாப்பாட்டு நேரத்தில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றுப் பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை.

"நான் அனுப்பலைன்னு எனக்குத் தெரியாதா அங்கிள்? என்கிட்ட வந்து சொல்றீங்க? அண்ணன்கிட்ட போய்ச் சொல்லுங்க. நான் கூட வரமாட்டேன். நான் சொல்லிக்குடுத்து நீங்க பேசுறதா நெனைப்பாங்க."

அண்ணன் செடெனாக்கில் இருந்தான். வீட்டு முன்னால் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தவன், நான் சொன்னதைக் குழாயை மூடாமலே கேட்டான்.

"அப்ப யாரு பேர வேணும்னாலும் போட்டு அனுப்பலாமா?"

"அனுப்பலாம் தம்பி. நான்தான் கதவத் திறந்து விட்டேன்."

"இப்ப நீங்க பேசுறது உங்க பேச்சுதான்னு நான் எப்படி நம்புறது? அவ அனுப்பிச்சாளா?"

"உங்ககிட்ட போய்ச் சொல்லச் சொன்னது அவதான். தப்பு என்னோடது."

"கேண்டீன்ல சிரிச்சானுங்களே, அன்னைக்கு நீங்க பக்கத்து மேசையிலதானே இருந்தீங்க?"

"ஆமா."

தண்ணீர் என் செருப்பைச் சுற்றி ஓடியது. அவன் லாரிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போங்க சார். என் கண்ணு முன்னால நிக்காதீங்க."

வந்துவிட்டேன். இருபுறமும் செம்பனைத் தோட்டம், மேலே மழை. எந்த வளைவில் திரும்பினேன், எப்படி வீடு சேர்ந்தேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை.

சில வாரங்கள் கழித்துக் கைப்பேசியில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அண்ணன் வந்தாங்க. சாப்பிட்டுட்டுப் போனாங்க." அவ்வளவுதான். நான் ஒருமுறை வந்து பார்க்கலாமா என்று எழுதிக் கேட்டேன். படித்துவிட்டாள். இன்றுவரை பதில் எழுதவில்லை.